விடைக்குறிப்பு

காலாண்டுத் தேர்வு. பத்தாம் வகுப்பு, சமூக அறிவியல்.
காவிரியை வரையச் சொன்னதற்கு
லெனினா
ஒகேனக்கல்லில் தடிமனாகத் தொடங்கி
முக்கொம்பில் இரண்டாக்கி
கல்லணை தாண்டியதும் பேனாவை அழுத்தாமல் இழுத்து
தலைஞாயிற்றுக்கு மேற்கே
நிறுத்திவிட்டாள்.
அப்புறம் கொஞ்சம் வெள்ளைத் தாள்.
அப்புறம் கடல்.

விடைக்குறிப்பில் ஆறு வங்கக் கடல் வரை ஓடுகிறது.
அரை மதிப்பெண் பிடித்தேன்.

நதிநீர் எந்தப் பட்டியலில்?
அதைச் சரியாகவே எழுதியிருக்கிறாள்.
ஊரின் முதன்மைத் தொழில்: வேளாண்மை.
அதை அடித்துவிட்டு, திருப்பூர்.

கூட்டிப் பார்த்தால் முப்பத்து நான்கரை.
இன்னொரு தடவை கூட்டினேன். அதேதான்.

மதகுத் திருகுபோல
சிவப்புப் பேனா கையில் கனக்கிறது.

காலையில் அரிச்சந்திரா நதியை
நானும்
செருப்பு நனையாமல்தான் கடந்து வந்தேன்.