அளவுகோல் நின்ற இடம்

ஷரஃப்கானா துறையில்
காலை ஏழு மணிக்கு நீர்மட்டம் பார்த்து எழுதுவது
இருபத்தாறு வருடமாக என் வேலை.
வரைபடம் ஏரி என்கிறது.
உர்மியாக் கரையில் பிறந்த எவருக்கும்
அது கடல்தான்.

முதல் வருடம்
படித்துறையின் கடைசிப் படியில் நின்றது கோல்.
செருப்பைக் கழற்றாமலே படித்துவிடலாம்.
தப்ரீஸ் ரயில் வந்து கொட்டும் வெள்ளிக்கிழமைகளில்
எண்ணைப் பார்க்க ஆட்களை விலக்க வேண்டும்.
மூட்டுவலிக்குக் கருஞ்சேறு பூசி
சிலைபோல் காய்ந்துகொண்டிருக்கும் மாமாக்கள்,
வாடகை நீச்சலுடையைப் பிழிந்தபடி
தர்பூசணிக்குப் பேரம் பேசும் புதுமாப்பிள்ளை.
நீச்சல் தெரியாத என் தங்கையை,
சோல்மாஸ், வாடாதவள் என்று பொருள்,
"போ, கடலே பிடித்துக்கொள்ளும்" என்று தள்ளிவிட்டேன்.
பிடித்துக்கொண்டது.
கண்ணில் உப்பு எரிய எரியச் சிரித்தாள்.

பிறகு கோலைப் பிடுங்கி நாற்பது அடி தள்ளி நட்டோம்.
பிறகு இருநூறு.
பிறகு ஜீப்பில் போனோம்.
இடம் மாறும்போதெல்லாம் புதிய சுழியம், புதிய பக்கம்;
நோட்டைப் புரட்டினால்
பெரிதாக எதுவும் குறைந்ததாகவே தெரியாது.

அணைகள் என்றார் ஓட்டல்காரர் கஹ்ரமான்.
நடுவே போட்ட சாலை என்றார் அவர் மச்சான்.
மழை பொய்த்தது என்றது வானொலி.
நான் வாய் திறக்கவில்லை.
தங்கை வீட்டுக்காரன் ஆய்தின் கிணறு தோண்டியபோது
முப்பது மீட்டர் என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்.
அவன் தோண்டியது தொண்ணூறு.
தெரியும்.

அந்த ஆப்பிள்,
சொல்லாமல் இருக்க முடியவில்லை,
அப்படி ஓர் இனிப்பு.
இலை உதிரும் மாதத்தில் இரண்டு பெட்டி வீட்டுக்கு வரும்.
பல் பட்டதும் சாறு மணிக்கட்டுவரை ஓடும்.
கடலைத்தான் தின்றோம்
விதையைத் துப்பிவிட்டு.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
நாங்கள் தண்ணீரை முதலில் குடித்துவிட்டோம்.

இப்போது காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
கொடியில் காயும் சட்டை விறைத்துக்கொள்கிறது.
தேநீரில் மூன்று கட்டி போட்டும் கரிக்கிறது.
ஆப்பிள் மரங்கள் இலை நுனியிலிருந்து கருகின;
ஆய்தின் விறகுக்கு விற்றுவிட்டு
தப்ரீஸில் டாக்சி ஓட்டுகிறான்.
நூற்றிருபது பேர் ஏறிய படகு
வெள்ளைத் தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறது.
அதன்மேல் நின்று படமெடுக்க
மணப்பெண்கள் வருகிறார்கள், வெள்ளை உடையில்.
ஏணி பிடிப்பதற்குக் காசு வாங்குகிறார் கஹ்ரமான்.
நல்ல வருமானம்.

இடையில் ஒரு வசந்தம், திரும்பி வந்தது.
நம்பமாட்டீர்கள், படித்துறைவரை.
கஹ்ரமான் மிதிபடகுக்கு நீலச்சாயம் வாங்கினார்.
ரயில் நிற்காத ஊருக்கு
கார் கார் ஆக வந்து இறங்கினார்கள்.
சோல்மாஸ் ஐம்பது வயதில் பாவாடையோடு இறங்கி
மல்லாந்து படுத்தாள்.
முதுகு தரையில் தட்டியது.
எழுந்திருக்கவில்லை.
காதுவரை நீர், மூடிய கண்,
ஒரு கையால் பக்கத்து மண்ணைத் தடவிக்கொண்டே
நெடுநேரம் மிதப்பவள் மாதிரிக் கிடந்தாள்.
கரையில் நின்ற நான்
கைக்குட்டையை மடித்தேன், பிரித்தேன்.

ஆகஸ்டில் நீர் சிவந்தது.
செப்டம்பரில் சாயம் காயாத படகுகள்
சேற்றில் இருந்தன.

தலைமை அலுவலகம் இன்றும் ஏழு மணிக்கு எண் கேட்கிறது.
படிவத்தில் 'இல்லை' என்று எழுத இடமில்லை.
நேற்றைய எண்ணையே எழுதுகிறேன்.
முந்தாநாள் எழுதியதும் அதுதான்.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு.
கோலைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தேன்.
பதில் வந்துவிட்டது, முத்திரையோடு:
அரசுச் சொத்து.
இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.