நான்காம் திருத்தம்

இந்தக் கருவிக்கு ஒரே ஒரு வேலை.
படகு மூழ்கினால்
நான்கு மீட்டர் ஆழத்துக்குள்
தன்மேல் தண்ணீரின் பாரம் உணர்ந்து
ஒரு கயிற்றை அறுக்கவேண்டும்.
அறுத்தால் உயிர்காப்பு மிதவை மேலே வரும்.
அறுக்காவிட்டால் அதுவும் கூடவே இறங்கும்,
சங்கிலி அவிழ்க்காத நாய்போல.

அதுவரை சும்மா இருக்கவேண்டும்.
உப்பில், உறைபனியில், கடற்காக்கை எச்சத்தில்,
தளத்துப் பனிக்கட்டி உடைப்பவனின்
குறிதவறிய சுத்தியலடியில்,
இரண்டு வருடம் சும்மா.
அறுக்கிற வில்லை யாரும் செய்துவிடலாம்,
காத்திருக்கிற வில்தான் கஷ்டம் என்பாள் ஸ்டெய்ன்வோர்.

ஈசாஃப்யோர்துர், நவம்பர்.
மதியம் மூன்றுக்கே விளக்கு.
மேஜைமேல் அட்டவணை:
எது கெடலாம், கெட்டால் யாருக்கு என்ன,
எவ்வளவு அடிக்கடி, முன்னாலேயே தெரியுமா.
கட்டங்களுக்கு எண் போடுவது என் வேலை.
'தலைகீழாக மாட்டப்படுதல்' என்ற வரிக்கு
இரண்டு போட்டிருந்தேன். பத்துக்கு இரண்டு.
யார் அப்படி மாட்டப்போகிறார்கள்?
அம்புக்குறிதான் இருக்கிறதே, சிவப்பில்.

ஹௌவார் மாட்டினான்.
ஆறு வருடம் காட் மீன் படகில் இருந்தவன்.
முட்டாள் இல்லை.
துறையில் ஆடிக்கொண்டிருந்த தளத்தில்
தடித்த ரப்பர் கையுறையோடு
ஒரு கையால் கம்பியைப் பிடித்து,
டார்ச்சைப் பல்லில் கடித்து,
மிச்சமிருந்த ஒரே கையால் மாட்டினான்.
கடித்த பல்லோடு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.
அவன் விரலுக்கடியில்
அம்பு கடலைக் காட்டிக்கொண்டிருந்தது.

அம்பைப் பெரிதாக்குவோம் என்றார் ஓட்கைர்.
கையேட்டில் ஒரு பக்கம் கூட்டுவோம்.
அச்சு வார்த்தாகிவிட்டது,
வசந்தத்துக்குள் எண்ணூறு அனுப்பவேண்டும்.
அவரும் கெட்டவர் இல்லை.
பதினான்கு பேரின் சம்பளம்
அவர் தலையணைக்கு அடியில் படுத்திருந்தது.

ஸ்டெய்ன்வோர் வாதாடவில்லை.
வரைபடத்தில் ஒரு துளையை மட்டும்
ஒன்பது மில்லிமீட்டர் நகர்த்தினாள், பென்சிலால்.
'இனி தலைகீழாக நுழையாது.'
கொஞ்ச நேரம் கழித்து,
'அந்தக் குளிரில் கண் படிக்காது.
கைதான் படிக்கும்.'

பிழை அவனுடையது என்று எழுதிவிட்டுப் போகலாம்.
ஆனால் பிழைக்கவேண்டியவனும் அவன்தான்.
அன்றிரவு என் இரண்டை அடித்துவிட்டு
எட்டு என்று எழுதினேன்.
திரையில் அந்த வரி முழுக்கச் சிவந்தது.
எனக்கும் காது சுட்டது.

புது அச்சு. பதினோரு வாரம் தாமதம்.
ஓட்கைர் இருமுறை வங்கிக்குப் போய் வந்தார்,
இரண்டாம் முறை கழுத்துப்பட்டையோடு.

இரண்டு வருடம் போனது.
காலாவதியானவை திரும்பி வந்தன,
பெயின்ட் உரிந்து, மீன்செதில் ஒட்டி,
எந்தக் கயிற்றையும் அறுக்காமல்.
குப்பைக்குப் போகுமுன்
நாற்பதைப் பொறுக்கி அழுத்தத் தொட்டியில் இறக்கினோம்.
தொட்டியைப் பார்ப்பது இப்போது ஹௌவார்.
டக்.
அடுத்தது. டக்.
முப்பத்தொன்பது முறை அந்தச் சத்தம்.
காப்பி ஆறிவிட்டது, யாரும் எடுக்கவில்லை.

நாற்பதாவது.
மூன்று மீட்டர். நான்கு.
ஐந்து. ஆறு.
ஹௌவார் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை,
இன்னும் கொஞ்சம் காத்தால் கேட்டுவிடும் என்பதுபோல.

பிரித்தோம்.
கத்தியின் அச்சாணியில்
கடுகளவு வெள்ளை உப்பு. அவ்வளவுதான்.
'எந்தப் படகு?' என்றான்.
வரிசை எண்ணைப் பார்த்துப் பெயர் சொன்னேன்.
அவன் ஜன்னலைப் பார்த்தான்.
எதிர்த்துறையில் அதே படகு,
பெட்டி பெட்டியாக மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவன் வழுக்கி விழ
மற்றவர்கள் சிரித்தது
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

ஸ்டெய்ன்வோர் பென்சிலைத் தேடினாள்.
வரைபடத்தின் ஓரத்தில், திருத்தம் மூன்றுக்குக் கீழே
காலிக் கட்டம் ஒன்று இருந்தது.
யாரும் சொல்லாமலே
ஓட்கைர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து
படகுகளின் பட்டியலை விரித்தார்.
முதல் எண்ணை அழுத்தினார்.
எண்ணூறில் ஒன்று.