துண்டுக்குள் மூன்று

என் இரு கைகளும் பித்தளையில் வேலையாய் இருக்கும்.
ஆகவே கால்விரல்தான்.
செருப்பைக் கழற்றிவிட்டே மேடையேறுவேன்;
பக்தி என்று நினைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு.
கட்டைவிரல் நிமிர்ந்தால் மெட்டின் தலைக்குத் திரும்பணும்.
சுண்டுவிரல் துடித்தால் சத்தம் குறையணும்.
குதிகால் தரையில் பதிந்துவிட்டால்
என்னை விட்டுவிடுங்கள்,
எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கணபதியில், சிக்கந்தரின் மோட்டார் காயில் கடை.
ஷட்டரை இறக்கியபின் வார்னிஷ் நெடியில் ஒத்திகை.
ரங்கனுக்கு ஜமாப்புக் கை.
முதல் வாரம் அவன் அடித்ததில்
அலமாரியிலிருந்த பேரிங்குகள் உருண்டு விழுந்தன.
குறைக்கச் சொல்லவில்லை.
பக்கத்தில் நின்று மெல்ல ஊதினேன்,
ஒரு மாதம்.
ஒருநாள் அவனாகவே குச்சியைக் கீழே வைத்து
விரல்நுனியால் தட்டினான்.
"அக்கா, நீங்க ஊதறது இப்பத்தானுங் காதுல உளுகுது."

பாஸ் வாசிக்கும் நாச்சிமுத்து பகலில் மாட்டுத் தரகர்.
கண்ணபுரம், குன்னத்தூர், அந்தியூர்,
எங்கும் துண்டுக்கடியில் விரல் பிடித்தே விலை.
வாய் திறந்தால் மாடு கைமாறாது என்பார்.
நாலு கம்பியிலும் அதே கஞ்சத்தனம்:
பதினாறு அடிக்கு ஒரு சொல்.

எழுதுவதைப் பற்றிக் கேட்கிறார்கள்.
நொய்யல் என்று ஒரு உருப்படி, முதலில் ஏழு பக்கம்.
வாசிக்கையில் யார் எந்த இடத்தில்
தாளைப் பார்க்கக் குனிந்தார்களோ
அந்த இடத்தை அடித்துவிட்டேன்.
இப்போது ஒன்றரை வரி மிச்சம்.
அந்த ஆற்றுக்கு அது பொருத்தமான நீளம்தான்.

ஆடி, இரண்டாம் சனி. பீளமேட்டில் ஒரு மாடி ஹால்.
கணவாய்க் காற்று ஜன்னலை உதைத்து
ரீடின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.
பதினேழு பேர்; அதில் நாலு பேர் சிக்கந்தருக்கு ஒறம்பரை.
ஜி ஷார்ப் சாவி ஒட்டிக்கொண்டது.
அந்தச் சுரம் இல்லாத ஊர் வழியாகச் சுற்றிப் போனேன்.
பிறகு பழகிய ஏணி ஒன்றில் ஏறத் தொடங்கினேன்,
எந்தப் படியில் கைதட்டு விழும் என்று
விரலுக்குத் தெரிந்த ஏணி.

கரண்ட் போனது.

பாஸ் செத்தது. கீபோர்டு செத்தது.
இருட்டில் என் கால்விரலை யார் பார்ப்பது?
வாயிலிருந்து சாக்ஸை எடுத்தேன்.
ரங்கன் மட்டும், நாலில், விடாமல்.

வலது கைமேல் ஒரு துண்டு விழுந்தது,
மாட்டு வாடையோடு.
அதற்கடியில் நாச்சிமுத்தின் கை
என் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து
ஒரு அழுத்து.
முந்நூறா, மூவாயிரமா?
மூன்று சுற்றா, மூன்றாம் சுரமா?
துண்டுக்கடியில் கேள்வி கேட்கும் வழக்கமில்லை.

மூன்று என்று ஊதினேன்.
ரங்கனின் நாலுக்குக் குறுக்கே மூன்று.
பன்னிரண்டில் சந்தித்தோம், பார்த்தும் பாராமல் பிரிந்தோம்.
இரண்டு சுரம்;
மூன்றாவது சுரமே இல்லை, ஒட்டிய சாவியின் வெறும் மூச்சு.
யாரோ இருமினார்கள், அதையும் எடுத்துக்கொண்டேன்.
ஏணி எங்கேயோ கிடந்தது.

விளக்கு வந்தபோது
நாச்சிமுத்து பக்கத்தில் இல்லை.
ஸ்டூல் போட்டு ஏறி
சுவரில் பெட்டியைத் திறந்து நின்றிருந்தார்.
"மூணாம் நம்பர் பியூஸ்னு சொன்னனுங்ளே,
நீங்க பாட்டுக்கு ஊதீட்டே நின்னீங்கொ."

திங்கட்கிழமை, புதுத்தாளில் 3 என்று எழுதினேன்.
கீழே வேறெதுவும் வரவில்லை.
ஆளுக்கொரு நகல்.
சிக்கந்தர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.
ரங்கன் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
நாச்சிமுத்து கண்ணாடி போட்டுக்கொண்டு
ரொம்ப நேரம் படித்தார். பிறகு
துண்டை என் கைமேல் விரித்து,
"அப்ப எனக்குத் தரகுங்?"

உள்ளே விரல் நீட்டினேன்.
எவ்வளவுக்கு முடிந்தது என்று
இங்கே சொல்வதற்கில்லை.