இடம், வலம்

மயிலே மயிலே இறகு போடு என்றால் போடாது.
சாட்ஸ்வொர்த்தில் யாரும் கேட்பதேயில்லை.
விடியற்காலை ஐந்து மணிக்கு ஹடீடா
கூரைத் தகரத்தில் நின்று
கடன்காரனைப்போல் கத்திவிட்டு
ஒன்றை உதறிப்போட்டுப் போகும்.
வெறும் பழுப்பு என்று எடுப்பேன்.
வெயிலில் திருப்பினால் பச்சை, அதற்குள் ஊதா,
மழைநீரில் டீசல் சிந்தியதுபோல்.

இரவுப்பணி முடித்து வரும் கைகள் இவை,
இருபத்திரண்டு வருடம் நரம்பு தேடிப் பழகியவை.
இறகுக் காம்பில் வெள்ளிக் கம்பி சுற்றும்போது
அழுத்தினால் பிளக்கும்,
விட்டால் நழுவும்.
அதற்கு முன் பூச்சி சாக
உறைபெட்டியில் இரண்டு வாரம்,
ஷேட் மீனுக்கும் பட்டாணிக்கும் நடுவில்.
ஐஸ் தேடித் திறந்த சத்தியசீலன்
"மீனுக்குச் சிறகு முளைச்சிருக்கு" என்கிறான்.

இறகுக்கு இடம் வலம் உண்டு.
இடச்சிறகில் உதிர்ந்தது ஒருபக்கம் வளையும்,
வலச்சிறகினது மறுபக்கம்.
ஒரு ஜோடித் தொங்கட்டானுக்கு இரண்டும் வேண்டும்.
பறவை கணக்குப் பார்த்தா உதிர்க்கும்?
என் பிஸ்கட் டின்னில் கினிக்கோழி
இடம் நாற்பத்தொன்று,
வலம் ஆறு.

பிப்ரவரியில் எங்கள் வார்டுக் கண்ணாடியில்
ஒரு லூரி மோதி விழுந்தது.
துப்புரவு வண்டிக்கு முன்னால் நான் போய்விட்டேன்.
இறக்கையை விரித்தால்
அத்தனை சிவப்பு!
இவ்வளவையும் மடித்து ஒளித்துக்கொண்டா
இலைக்குள் திரிந்தது?
இடம் ஒன்று, வலம் ஒன்று, அச்சுப்பிசகாமல்.

"எனக்கு" என்றாள் தொபேக்கா அப்போதே.
வியாழக்கிழமை நீதிமன்றம்.
பிள்ளைகளுக்குப் பணம் தராதவன்
எதிரே உட்காரப்போகிறான்.
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
அவன் முழிக்க வேண்டுமாம்.

ஒன்றில் இரத்தம் ஒட்டியிருந்தது.
சோப்பு நீரில் நனைத்தேன். நீர் சிவந்தது.
மாற்றினேன். மறுபடி சிவந்தது.
மூன்றாவது கிண்ணத்தில்தான் புரிந்தது
போய்க்கொண்டிருப்பது இரத்தம் அல்ல.
பிறகு படித்தேன்:
அந்தச் சிவப்பு செம்பாம்,
தின்ற பழங்களில் துளித்துளியாய்ச் சேர்த்தது,
சோப்பின் காரத்தில் கரைந்துவிடுமாம்.
செம்பு என்ற சொல்லிலேயே சிவப்பு இருக்கிறது;
எனக்குத்தான் காது கேட்கவில்லை.

ஒன்று அடர்சிவப்பு,
மற்றது பாலில் விழுந்த ரோஜா.
மன்னிப்புக் கேட்டபடியே நீட்டினேன்.
தொபேக்கா இரண்டையும் மாட்டிக்கொண்டு
லிஃப்ட் கண்ணாடியில் தலையாட்டினாள்.
"இது குளிச்சது, அது குளிக்காதது.
அவனுக்குக் குளிக்காத பக்கத்தைக் காட்டுறேன்."

வழக்கை ஜூனுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.
அதுவரை கழற்ற மாட்டாளாம்.
மழை பெய்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள்,
வெறும் மழை ஒன்றும் செய்யாது என்று
எத்தனை முறை சொன்னாலும்.

மூன்று கிண்ணத்து நீரையும் ஊற்ற மனமில்லை.
ஜாம் பாட்டிலில் சன்னலோரம் நிற்கிறது.
சத்தியசீலன் முகர்ந்து பார்த்து, இருமலுக்கா என்றான்.
ஷிஃப்ட் முடிந்ததும்
அந்தக் கண்ணாடிக்குக் கீழே புல்லைப் பார்க்கிறேன்.
இன்னொன்று விழக்கூடாது.
விழுந்தால்,
நான் முதலில் போக வேண்டும்.