இருநூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டுநர்

கொண்டலாம்பட்டி பைபாஸில்
பேட்டரிக் கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
ஆசிட் நெடியில்தான் கணக்கு எழுதுகிறேன்.
யூரோவில் புறப்படும் பணம்
டெல்லியில் கொஞ்சம் படுத்து
சென்னையில் கொஞ்சம் படுத்து
இங்கே வந்து இறங்கும்போது
லாரிக்காரன் மாதிரியே கண் சிவந்திருக்கும்.

வரும்போதே நெற்றியில் எழுதி வரும்:
இது ஆணுறைக்கு,
இது பயிற்சிக்கு,
இது ஓட்டுநருக்கு, தலைக்கு இவ்வளவு.
ஒரு பையிலிருந்து இன்னொன்றில் போட்டால்
ஈரோட்டிலிருந்து ஆடிட்டர் வந்துவிடுவார்.
விளம்பரப் பையில் மட்டும் மிச்சம் விழுந்தது.
மார்ச் முடிவதற்குள்
அறுபது குடை வாங்கினோம்.
சேலத்து வெயிலுக்கு வீண் என்று சொல்ல முடியாது.

ஏப்ரலில் நவமணி வந்தாள்,
சங்ககிரியிலிருந்து.
புருஷன் நாக்பூர் லைன்.
தை மாதம் இதே மாடியில் ஊசி போட்டுக்கொண்டு
வீட்டில் வாய் திறக்காதவன்.
துவைக்க எடுத்த சட்டையில் எங்கள் அட்டை இருந்திருக்கிறது.
முகவரியைப் படித்து வந்துவிட்டாள்.
"அவருக்குப் போட்டதையே எனக்கும் போடுங்க."
என்ன நோய் என்று கேட்கவில்லை.

திரையில் தேடினேன்.
ஓட்டுநர் உண்டு, கிளீனர் உண்டு,
தொழிலுக்குப் போகும் பெண் உண்டு.
மனைவி இல்லை.
போன திட்டத்தில் இருந்தாள்.
கடல் தாண்டி எங்கோ ஒரு கூட்டத்தில்
அந்த வரியை அடித்துவிட்டார்கள்.
காரணம் ஒரே சொல்லில் வந்தது: முன்னுரிமை.

பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமே என்றேன்.
"அங்க சீட்டுப் போடறது எங்க நாத்தனார்."

ஃப்ளோரா சிஸ்டர் என்னைப் பார்த்தார்.
"நீங்க டைப் பண்ணுங்க சார்,
நான் மருந்தைக் கரைக்கறேன்."

பெயர்: நவ. மணி.
பால்: ஆண்.
தொழில்: ஓட்டுநர்.
வழித்தடம் போடாமல் திரை நகராது.
சங்ககிரி – சேலம் என்று போட்டேன்.
அது மட்டும் பொய்யில்லை.

ஊசி போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு
"காசு?" என்றாள்.
முன்னமே வந்துருச்சு என்றேன்.
வாரம் ஒன்றாக இன்னும் இரண்டு முறை
நொண்டி நொண்டி அந்தப் படி இறங்கிப் போனாள்.

ஜூனில் மேலிடத்து அதிகாரி வந்தார்.
தட்டுவடை செட் பிடித்திருந்தது.
ஏற்காடு பார்க்க ஆசைப்பட்டார்.
கார் வாடகைக்குக் 'கண்காணிப்பு' என்று ஒரு பை இருக்கிறது,
எப்போதும் நிறைந்தே இருக்கும்.
பதினோராவது கொண்டை ஊசியில்
மடியில் இருந்த அறிக்கையைப் புரட்டினார்.

"இலக்கு இருநூறு,
நீங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அருமை.
ஆனால் பாருங்கள்,
ஓட்டுநர் எவரும் இரண்டாவது ஊசிக்கே திரும்புவதில்லை.
இந்த மணி மட்டும்
மூன்றுக்கும் வந்திருக்கிறார்.
எவ்வளவு பொறுப்பானவர்!
ஒரு போட்டோவோடு
வெற்றிக்கதை எழுதி அனுப்புங்களேன்,
அடுத்த ஆண்டு நிதிக்கு உதவும்."

டிரைவர் கியர் மாற்றினார்.

லைனுக்குப் போயிருக்கார் மேடம்,
என்றேன்.