ஒருவரை மட்டும் தெரிவு செய்யவும்

மாங்குளத்தில் பஸ் நிரம்பக் காத்திருந்தம்.
கொண்டக்டர் சுகிர்தன் போனை நீட்டினான்:
"அண்ணை, தோலைப் பாத்து மருந்து சொல்லுமாம்."

வலது கையைக் காட்டினன்.
பதினொரு வருசம்
யன்னல் விளிம்பில் கிடக்கிற கை.
கொஞ்சம் சுற்றி யோசித்து
வயது அறுபத்திரண்டு என்றது.
இடதுக்கு முப்பத்தெட்டு.
"இருவரின் படங்கள் கலந்துள்ளன.
ஒருவரை மட்டும் தெரிவு செய்யவும்."

முன்சீற் முழுக்கச் சிரிப்பு.
மீன்பெட்டியோடு இருந்த மனிசி
"என்ர முகத்தைக் காட்டிப்போடாதை தம்பி,
போன் பழுதாப்போம்" என்றா.

கியர் மாத்தினது இடது,
வெயில் வாங்கினது வலது.
வலதைத் தெரிவு செய்தன்.

பத்திலிருந்து நாலுவரை வெளியே போகக்கூடாதாம்.
எங்கட ரேண் பத்தேகால்.
பூசச் சொன்ன கிறீம்
பதின்மூன்று லீற்றர் டீசல்.
நிழலில் நிற்கட்டாம்:
ஒலுமடுவில் நின்ற பாலைமரங்களை
றோட்டு அகட்டேக்க டிப்பர் ஏத்திக்கொண்டு போட்டுது.

நாளைக்கு நாற்பத்தொரு பாகை என்றும் சொன்னது.
அதை மட்டும் நம்பினன்.

விடிய, மகளின்ர பழைய பள்ளிச் சட்டையில்
ஒரு கையை வெட்டிப் போட்டுக்கொண்டு ஏறினன்.
முழங்கைக்கு மேலே ஏறவில்லை.
ஒட்டுசுட்டான் தாண்டேக்க
காத்தில அது
யாரையோ கூப்பிடுகிற மாதிரி
படபடத்துக்கொண்டே வந்தது.