சக்கைமேட்டின் காய்ச்சல்

போன மாசியில் நின்றுவிட்டது ஆலை.
புகைபோக்கிக்குள் காகம் குடியேறிவிட்டது.
நகரி மலையின் மூக்கு தெரியும் பின்வாசலில்
பனை உயரச் சக்கைமேடு மட்டும்
ஐப்பசி மழை நனைக்க நனைக்க
ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது.

"பிப்பிக்குக் காய்ச்சல்" என்கிறார் செங்கல்ராயன்.
ஒன்றரை ஏக்கர் கரும்பு வெட்டிப் போட்டவர்.
காசு தராத ஆலைக்கே இப்போது
இரவுக் காவல்.
கடப்பாரையைச் செருகி, நூறு எண்ணி, உருவி
மணிக்கட்டில் வைத்து உதறிக்கொள்கிறார்.
என் வெப்பமானி அறுபத்து மூன்று காட்டுகிறது.
"நான் சொன்னதத்தான் அதுவும் சொல்லுது."

நாம் வெந்துபோகிற இடம்
அவற்றுக்கு மார்கழிக் காலை வெயில்.
முட்டையின் வெள்ளை இறுகும் சூட்டில்
அவற்றின் புரதம் குலைவதில்லை.
மடிப்புக்குள் மடிப்பு,
கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கைகோத்த நெருக்கம்,
லாரியில் ஏற்றி வடக்கயிறு போட்டு இறுக்கிய
கரும்புக் கட்டு மாதிரி.
ஆலை பிழிந்து களைத்த இடத்தில்
அவை ஆரம்பிக்கின்றன.
மூன்று உருளை நசுக்கியும் மசியாத நாரின்
ஒரு நுனியை வாய்க்குள் இழுத்துக்கொண்டு,
கன்றுக்குட்டி கயிறு மெல்வதுபோல்,
இரண்டிரண்டு மணியாய்ச்
சர்க்கரை துண்டிக்கிறது நொதி.
சங்கு ஊதுவதில்லை. வருகைப் பதிவேடு கிடையாது.
இந்த ஆலைக்கு இன்னும் வேலைக்கு வருவது
அவை மட்டும்தான்.

என் காபி பிளாஸ்கில் ஒரு பிடி அள்ளினேன்.
மூடி இறுகவில்லை.
அவர் சட்டைப்பையில் துழாவி
ஒரு தாளை நான்காய் மடித்து
வாயை அடைத்துக் கொடுத்தார்.

எல்லைச் செக்போஸ்ட்டில் பஸ் நின்றது.
செம்மரம், சாராயம், ரேஷன் அரிசி;
எது எந்தப் பக்கம் போகிறது என்று
அவர்களுக்கே குழப்பம்.
பிளாஸ்கைத் திறந்த ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு
"ஏமிடிதி?" என்றார்.
"கிருமி" என்றேன்.
"எத்தனை?"
எண்ண முடியாது என்றேன்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
போகச் சொல்லிவிட்டார்.

திருத்தணியில், எங்கள் கல்லூரியில்,
வடிதாள் தீர்ந்து மூன்று மாதம்.
கேட்டு எழுதிய கடிதம் மேசை மேசையாய்
ஆறிக்கொண்டிருக்கிறது.
பிளாஸ்க் வாயில் இருந்த தாளை விரித்தேன்.
ஆலையின் பாக்கிச் சீட்டு.
பெயர், டன், தொகை, பாதி விழுந்த முத்திரை.
ஓரம் வெறுமையாக இருந்தது.
அரை விரல் அகலம் கத்தரித்துக் குழாயில் நிறுத்தினேன்.
இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மூன்றாம் இரவு கரண்ட் போயிற்று.
குழாய்களை மார்போடு அணைத்து விடுதிச் சமையற்கட்டுக்கு ஓடி
இட்லிப் பானை அடுப்போரம் உட்கார்ந்தேன்.
சமையல்கார பங்காரம்மா கேட்டாள்:
"என்ன குழந்த அது, இப்படிக் குளுருது?"

ஐந்தாம் நாள்,
நீர்மட்டத்துக்கு நேராகத் தாள் நைந்து
இரண்டாய் அறுந்து கிடந்தது.
மிச்ச நீரில் மஞ்சள் கரைசல் விட்டுக் கொதிக்க வைத்தேன்.
செங்கல் நிறம்.
சர்க்கரை, இரண்டு மில்லிகிராம்.

அன்று சாயங்காலம்தானா போன் வரவேண்டும்?
"அந்தச் சீட்டு இருக்காம்மா?
சீட்டு வச்சிருக்கறவங்களுக்குக் குடுப்பாங்களாம்,
பேச்சு அடிபடுது."
இருக்கிறது என்றேன்.
ஓரம் மட்டும், என்று இழுத்து
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.
அந்தப் பக்கம் காகம் கத்துவது கேட்டது.
"தின்னுடுச்சா?"
"சக்கரையா மாத்திடுச்சு."
"எவ்ளோ?"
சொன்னேன்.
சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை.
"ஆலைக்குள்ளேருந்து எனக்கு வந்ததுல
அதான் மொதப் பட்டுவாடா.
வரவுல எழுதிக்கோ.
மீதிய நான் கேட்டுக்கறேன்."